ரெட் ஹாட் 9 சர்வர்களை சிஐஎஸ் அளவுகோலுக்கு இறுக்கிய கதை: ஆன்சிபிள், ஓப்பன்ஸ்கேப், அப்புறம் ஒரு விலக்குக் கோப்பு

கார்டு கட்டணத் தகவலைத் தொடும் சர்வர்கள் எங்களிடம் நாற்பது சொச்சம் இருக்கின்றன. எல்லாமே ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9. கார்டு கட்டணத் துறையின் பாதுகாப்புத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் 2.2ஆம் பிரிவுப்படி, இவற்றை எந்த அளவுகோலின்படி கட்டமைத்திருக்கிறோம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும், அதன்படிதான் ஓடுகின்றன என்று தணிக்கையாளரிடம் காட்டவும் வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது சிஐஎஸ் அளவுகோல். 2000இல் தொடங்கிய சென்டர் ஃபார் இன்டர்நெட் செக்யூரிட்டி என்ற லாப நோக்கற்ற அமெரிக்க அமைப்பு வெளியிடுவது அது. அதில் லெவல் 1 என்பது பெரும்பாலான சர்வர்களில் வேலையைக் கெடுக்காமல் போடக்கூடிய விதிகள். லெவல் 2 கடுமையானது; சில வசதிகளை விட்டுக்கொடுத்துத்தான் போட முடியும்.

முன்பு இது ஓர் எக்செல் பட்டியலாக இருந்தது. புதிய சர்வர் வந்தால் யாராவது உட்கார்ந்து வரிசையாக ஒவ்வொன்றையும் கையால் செய்து டிக் போடுவார்கள். டிக் போட்ட அன்று அது உண்மைதான். மூன்று மாதம் கழித்து, அவசரத்துக்கு ஒருவர் ஒரு கோப்பை மாற்றியிருப்பார். பட்டியலில் டிக் அப்படியே இருக்கும். அதனால் இதை, பல சர்வர்களின் அமைப்புகளைக் கோப்பில் எழுதித் தானாகச் செயல்படுத்தும் ஆன்சிபிள் கருவிக்குக் கொண்டுவந்தோம். வேலை குறையும் என்பதற்காக மட்டும் அல்ல. பட்டியலும் சர்வரும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று எந்த நாளிலும் நிரூபிக்க முடிய வேண்டும் என்பதற்காக.

முதலில் அளந்து பார்ப்பது

எதையும் மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓப்பன்ஸ்கேப் அதற்கான கருவி. அதோடு ஸ்கேப் செக்யூரிட்டி கைடு என்ற பொதியை நிறுவினால் ரெட் ஹாட் 9க்கான விதிகள் அனைத்தும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் வந்துவிடும். அதற்குள் சிஐஎஸ் சர்வர் லெவல் 1, லெவல் 2, பிசிஐ டிஎஸ்எஸ், அமெரிக்க ராணுவத்தின் ஸ்டிக் என்று பல சுயவிவரங்கள் (விதித் தொகுப்புகள்) உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் எச்டிஎம்எல் அறிக்கையும் எக்ஸ்எம்எல் முடிவும் கிடைக்கும். புதிதாக நிறுவிய, யாரும் தொடாத சர்வரிலேயே சிவப்பு வரிகள் பக்கம் பக்கமாக வரும். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று, ஓப்பன்ஸ்கேப் திருப்பித் தரும் வெளியேற்றக் குறியீடு, அதாவது முடியும்போது அது தரும் எண். எல்லா விதியும் தேறினால் 0. ஸ்கேனே நடக்காமல் பிழை வந்தால் 1. ஸ்கேன் ஒழுங்காக முடிந்து, ஒரு விதியாவது தேறாமல் போனால் 2. ஆன்சிபிளுக்கு 0 தவிர எல்லாமே தோல்வி. ஆகவே 0, 2 இரண்டையும் வெற்றியாக எடுத்துக்கொள் என்று டாஸ்க்கில் (ஆன்சிபிளுக்குத் தரும் ஒரு தனி வேலையில்) சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பிளேபுக் (டாஸ்க்குகளை வரிசையாக எழுதிய கோப்பு) அந்த சர்வரில் அங்கேயே நின்றுவிடும். எதற்கும் தோல்வி என்று சொல்லாதே என்று பொதுவாக விட்டுவிட்டால் இன்னும் மோசம்: 1 வந்த சர்வரில் ஸ்கேனே நடக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

கோப்பு முறைமை முழுவதையும் துழாவும் விதிகள் சில உண்டு. உரிமையாளர் இல்லாத கோப்பு, எல்லோரும் எழுதக்கூடிய கோப்பு, எஸ்யுஐடி பிட் உள்ள (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்) கோப்பு போன்றவை. லட்சக்கணக்கான சிறு கோப்புகள் கிடக்கும் சர்வரில் இவை நினைவகத்தையும் வட்டையும் நன்றாகவே தின்னும். சிஸ்டம்டி-ரன் என்ற லினக்ஸ் கட்டளை வழியாக நினைவக வரம்பு வைத்து, இரவில் மட்டும் ஓடும்படி செய்திருக்கிறோம்.

தானாக வரும் திருத்தத்தை அப்படியே ஓட்டாமல் இருப்பது

ஓப்பன்ஸ்கேப்பிடம் ரெமிடியேட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்கேன் செய்துகொண்டே திருத்தியும் விடும். இதே விதிகளை ஆன்சிபிள் பிளேபுக்காக எழுதித் தரவும் செய்யும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் செய்த மாற்றங்களைத் திருப்ப அதில் வழி கிடையாது. உருவாகும் பிளேபுக் மிக நீளமானது. எந்த டாஸ்க் எதைத் தொடுகிறது என்று குழுவில் யாரும் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை.

நாங்கள் அதைப் பார்த்து எழுதும் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, சொந்த ரோல் (டாஸ்க்குகளின் தொகுப்பு) எழுதினோம். இன்னொரு காரணமும் உண்டு. திருத்துவதும் சரிபார்ப்பதும் ஒரே இடத்திலிருந்து வந்தால், விதியைத் தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் இரண்டுமே சேர்ந்து தவறும். ரோல் எங்களுடையது, அளவு ஓப்பன்ஸ்கேப்புடையது என்று பிரித்து வைத்ததில், இரண்டும் முரண்படும் ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. இந்த வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

எண்களை வைக்கும் முன் தரநிலைகளை அருகருகே போட்டுப் பார்த்தோம். கடவுச்சொல் நீளம் சிஐஎஸ்ஸில் 14, பிசிஐயில் 12; 14 வைத்தால் இரண்டும் சரி. தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கைப் பூட்டி வைக்கும் நேரம் சிஐஎஸ்ஸில் குறைந்தது 900 விநாடி. பிசிஐயின் 8.3.4 குறைந்தது 30 நிமிடம் கேட்கிறது, அதாவது 1800 விநாடி. சிஐஎஸ் எண்ணை மட்டும் பார்த்துப் போட்டிருந்தால் பிசிஐயில் மாட்டியிருப்போம். பதிவுகளை வைத்திருக்கும் காலத்துக்கு, 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதல் 180 நாள் என்கிறது, பிசிஐ 12 மாதம் என்கிறது. 12 மாதம் வைத்தோம். அதே செர்ட்-இன் உத்தரவு, கடிகாரத்தை என்ஐசி (தேசியத் தகவல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி இருக்க வேண்டும் என்று சிஐஎஸ் கேட்கும், எந்த சர்வரோடு என்று கேட்காது. ஒரு சுயவிவரம் பச்சையாகிவிட்டது என்பதற்காக எல்லாக் கடமையும் முடிந்துவிடவில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எஸ்எஸ்எச்: முதலில் வந்ததுதான் செல்லும்

ரெட் ஹாட் 9இல், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரின் முதன்மைக் கோப்பு, தன் தொடக்கத்திலேயே துணை அடைவில் இருக்கும் சிறு கோப்புகளை எண் வரிசையில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓர் அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால் முதலில் படித்ததுதான் செல்லுபடியாகும். கிளவுட் படிமத்திலிருந்து வந்த சர்வர்களில் முதல் தொடக்கத்தில் அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் 50 என்று தொடங்கும் கோப்பு ஒன்றைப் போட்டு வைத்திருக்கும்; அதில் கடவுச்சொல்லால் நுழைய அனுமதி இருக்கலாம். நீங்கள் 99 என்று பெயரிட்டு ‘கடவுச்சொல் வேண்டாம்’ என்று எழுதினால் அதற்கு ஒரு பயனும் இல்லை. எங்கள் கோப்பின் பெயர் 00 என்று தொடங்குகிறது.

கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைப்புகளில் இது தலைகீழ். சிஸ்சிடிஎல் அடைவில் கடைசியாகப் படித்ததுதான் நிற்கும். அதனால் அங்கே எங்கள் கோப்பு 99க்குப் பின் இரண்டு இசட் போட்ட பெயரோடு இருக்கிறது. பழைய சிஸ்சிடிஎல் முதன்மைக் கோப்பில் எதுவும் இருக்கக் கூடாது என்று தனி டாஸ்க்கும் வைத்தோம், ஏனென்றால் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும் கட்டளை அதைத்தான் கடைசியில் படிக்கிறது.

கோப்பைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. எஸ்எஸ்எச் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டிக்கு பெரிய எழுத்து ‘டி’ (T) சுவிட்சைக் கொடுத்தால், எல்லாக் கோப்பையும் சேர்த்துப் படித்துக் கடைசியில் அது நம்பும் மதிப்புகளை அச்சிடும். ரோலின் இறுதியில் அதை ஓட்டி, ரூட் (முழு அதிகாரக் கணக்கு) நுழைவு, கடவுச்சொல் நுழைவு, முயற்சி எண்ணிக்கை ஆகியவற்றை நேரடியாக ஒப்பிடுகிறோம். மேட்ச் என்று தொடங்கும் பகுதிகள் இருந்தால், எந்தப் பயனர், எந்த முகவரி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பூட்டிவிட்டு வெளியே நிற்கும் ஆபத்து இங்கேதான் அதிகம். கோப்பை எழுதும் டெம்ப்ளேட் டாஸ்க்கில் வேலிடேட் பகுதியில் சிறிய ‘டி’ (t) சோதனையை வைத்தால், இலக்கணப் பிழையுள்ள கோப்பு சர்வருக்குப் போகவே போகாது. நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவின் கோப்புக்கு விசூடோ சோதனை அதே வேலையைச் செய்யும். ஆனால் இலக்கணம் சரியாக இருந்தும் நீங்கள் உள்ளே வர முடியாத கோப்பு ஒன்றை எழுத முடியும். உதாரணத்துக்கு, அனுமதித்த குழுக்களின் பட்டியலில் ஆன்சிபிள் பயனரின் குழு விட்டுப்போவது. அதற்காக, மாற்றத்துக்கு முன் சிஸ்டம்டி-ரன்னில் ஒரு டைமர் போடுகிறோம்: பத்து நிமிடத்தில் பழைய கோப்பைத் திருப்பி வைத்து எஸ்எஸ்எச்டியை மறுபடி ஏற்று. பிளேபுக் புதிய இணைப்பு ஒன்றைத் திறந்து உள்ளே வந்துவிட்டால் அந்த டைமரை ரத்து செய்யும். வர முடியவில்லை என்றால் சர்வர் தானே பழையபடி ஆகிவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் சோதிப்பது சோதனையே இல்லை. எஸ்எஸ்எச்டியை மறுதொடக்கம் செய்தாலும் பழைய இணைப்பு அறுபடாது.

டாக்கரும் ஐபி ஃபார்வர்டிங்கும்

ரூட்டர் அல்லாத சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (பிறருக்கான வலைப் போக்குவரத்தைக் கடத்திவிடுவது) 0 ஆக இருக்க வேண்டும் என்பது சிஐஎஸ் விதி. பயன்பாடுகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் உள்ள சர்வரில், அந்தக் கன்டெய்னர்கள் வெளியே பேச அது 1 ஆக இருக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது இதன் நேரக் கணக்கு. டாக்கர் சேவை தொடங்கும்போது தானே அந்த மதிப்பை 1 ஆக்கிக்கொள்கிறது. சோதனை சர்வரில் விதியைப் போட்டு ரீபூட் செய்தால், முதலில் சிஸ்சிடிஎல் 0 ஆக்கும், பிறகு டாக்கர் எழுந்து 1 ஆக்கும், எல்லாம் சரியாக ஓடும். ‘சோதித்தாயிற்று’ என்று உற்பத்திச் சூழலுக்குப் போனால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அமைப்பை மறுபடி ஏற்றிய நொடியில் கன்டெய்னர்களின் வலை இணைப்பு போய்விடும். ஆகவே ரீபூட் சோதனை, ரீபூட் இல்லாத சோதனை இரண்டும் தனித்தனியாகத் தேவை. டாக்கர் சர்வர்களுக்கு இந்த விதிக்கு விலக்கு எழுதினோம் (விலக்குக் கோப்பைப் பற்றிப் பின்னால்). ஃபார்வர்ட் ஆகும் போக்குவரத்தை ஃபயர்வால் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதை விலக்கின் காரணத்திலேயே குறிப்பிட்டோம்.

டெம்ப் அடைவில் நோ-எக்செக்

தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவிலிருந்து எதையும் இயக்க முடியாதபடி மவுண்ட் செய்வது நல்ல விதி. உள்ளே புகுந்தவர்கள் முதலில் கோப்பை இறக்கி ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். ஆனால் சில ஜாவா நூலகங்கள் தங்கள் நேட்டிவ் (இயந்திர மொழியில் உள்ள) பகுதியை டெம்ப்பில் பிரித்து வைத்து, அங்கிருந்தே ஏற்றுகின்றன. நோ-எக்செக் வந்ததும் பகிர்வு நூலகத்தை நினைவகத்தில் ஏற்ற முடியவில்லை என்ற பிழையோடு பயன்பாடு தொடங்க மறுக்கும். அனுமதிச் சிக்கல் என்று உடனே தோன்றாது, நூலகம் கெட்டுவிட்டது போலத் தெரியும். அந்தச் சேவைக்கு மட்டும் தனி அடைவு ஒன்றை உருவாக்கி, ஜாவாவின் தற்காலிக அடைவாக அதைக் காட்டினோம். அடைவின் உரிமை அந்தச் சேவைப் பயனருக்கு மட்டும். விலக்கு தேவைப்படவில்லை, டெம்ப் பூட்டியே இருக்கிறது. விதியைத் தளர்த்துவதற்கு முன் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று தேடுவது எப்போதும் நேரத்துக்குத் தகுந்த பலன் தருகிறது.

கடவுச்சொல் காலாவதி, நின்றுபோகும் கிரான்

இது ஓசையில்லாமல் வருவது. கடவுச்சொல்லின் ஆயுள் அதிகபட்சம் 365 நாள் என்பது விதி. ஏற்கெனவே இருக்கும் கணக்குகளுக்கும் அதைப் போட வேண்டும். எல்லாக் கணக்குக்கும் ஒரே லூப்பில் போட்டால், ரூட்டும் காப்புப் பிரதி எடுக்கும் சேவைக் கணக்கும் அதில் சேர்ந்துவிடும். அவற்றின் கடவுச்சொல் கடைசியாக மாறியது இரண்டு வருடம் முன்பு என்றால் அந்த நொடியே காலாவதி. கடவுச்சொல்லே பயன்படுத்தாமல் சாவியால் மட்டும் நுழையும் கணக்கும் தப்பாது, ஏனென்றால் காலாவதியைப் பார்ப்பது பேம் என்ற நுழைவுச் சரிபார்ப்பு அமைப்பின் கணக்குச் சோதனை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானும் அதே சோதனையைக் கடந்துதான் வேலையைத் தொடங்குகிறது. வேலைகள் நின்றுவிடும், லாக்கில் ஒரு வரி மட்டும் இருக்கும். காப்புப் பிரதி நின்றது பிரதி தேவைப்படும் நாளில்தான் தெரியவரும் என்றால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஓட்டை இல்லை.

எனவே கணக்குகளை இரண்டாகப் பிரித்தோம். மனிதர்களுக்கு 365 நாள். சேவைக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லையே பூட்டி, காலாவதியை நீக்கிவிட்டோம். சிஐஎஸ் விதி கடவுச்சொல் உள்ள கணக்குகளைப் பற்றியது என்பதால் இது விதிக்கும் பொருந்துகிறது. யார் மனிதர், எது சேவை என்பது யாமல் (எளிய உரை வடிவ) கோப்பில் வெளிப்படையாக இருக்கிறது. அந்தக் கோப்பில் இல்லாத கணக்கு ஒன்று சர்வரில் இருந்தால் பிளேபுக் அங்கேயே நின்று பெயரைச் சொல்லும். யாருடையது என்று எவருக்கும் தெரியாத சில பழைய கணக்குகள் வெளியே வந்தது இதனால்தான். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பிடித்த பலன் இது.

கணக்கைப் பூட்டும் ஃபெய்ல்லாக் அமைப்பைப் பற்றி ஒரு வரி: பேம் கோப்புகளைக் கையால் திருத்த வேண்டாம். ரெட் ஹாட் 9இல் அவை ஆத்செலக்ட் என்ற கருவியின் வசம் இருக்கின்றன. அடுத்த முறை அது ஓடும்போது உங்கள் வரிகளை அழித்து எழுதிவிடும். ஆத்செலக்ட்டில் ஃபெய்ல்லாக் வசதியை இயக்கிவிட்டு, எண்களை ஃபெய்ல்லாக்கின் சொந்தக் கோப்பில் வைத்தால் போதும்.

ஆடிட்டி: சர்வரையே நிறுத்தச் சொல்லும் விதி

ஆடிட்டி என்பது சர்வரில் நடப்பதைப் பதிவு செய்யும் சேவை. லெவல் 2இல் ஆடிட் பதிவுகளைத் தானாக அழிக்கக் கூடாது என்று ஒரு விதி, இடம் தீர்ந்தால் சர்வரை நிறுத்து அல்லது ஒற்றைப் பயனர் நிலைக்குக் கொண்டுபோ என்று இன்னொரு விதி. இரண்டையும் யோசிக்காமல் சேர்த்துப் போட்டால், சர்வர் என்றைக்கு நிற்கும் என்பது வட்டின் அளவைப் பொறுத்த விஷயம் மட்டுமே. ஆனால் விதியின் நோக்கம் சரியானது: தடயம் இல்லாமல் ஓடுவதைவிட ஓடாமல் இருப்பது மேல். கார்டு தகவல் இருக்கும் சர்வர்களில் அதை நானும் ஏற்கிறேன். அங்கே ஆடிட் பதிவுக்குத் தனி வட்டுப் பகிர்வு, மையப் பதிவு சர்வருக்கு உடனடி அனுப்பல், அனுப்பி உறுதியான பழைய கோப்புகளை மட்டும் நீக்கும் வேலை, 75 சதவீதத்திலேயே எச்சரிக்கை என்று ஏற்பாடு செய்த பிறகுதான் விதியை இயக்கினோம். மற்ற சர்வர்கள் லெவல் 1இல் நிற்கின்றன.

ஆடிட் விதிகளின் கடைசியில் ‘2’ போட்டுப் பூட்டிவிட்டால் அடுத்த ரீபூட் வரை எந்த விதியையும் மாற்ற முடியாது. ஆன்சிபிள் கோப்பை மாற்றும், ‘மாறியது’ என்று மகிழ்ச்சியாகச் சொல்லும், கர்னலில் பழைய விதியே இருக்கும். கோப்பு மாறியிருந்தால் ‘ரீபூட் தேவை’ என்று சர்வரில் ஒரு குறி வைத்து, மாதாந்திரப் பேட்ச் நேரத்தில் அதைப் பார்த்து ரீபூட் செய்கிறோம். ஆடிட்டியை வழக்கமான சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் மறுதொடக்கம் செய்ய முடியாது என்பதையும் ஹேண்ட்லர் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் டாஸ்க்) எழுதும்போது நினைவில் வைக்க வேண்டும். பழைய சர்வீஸ் கட்டளைதான் வேலை செய்யும்.

விலக்குக் கோப்பு

பொருந்தாத விதியை என்ன செய்வது? ஓப்பன்ஸ்கேப்பில் டெய்லரிங் கோப்பு எழுதி அந்த விதியை ஸ்கேனிலிருந்தே எடுத்துவிடலாம். அறிக்கை பச்சையாகிவிடும். நாங்கள் அதைச் செய்யவில்லை. எடுத்துவிட்ட விதியைப் பற்றி அடுத்த வருடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டெய்லரிங் கோப்பை 1800 விநாடி போன்ற எண்களை மாற்ற மட்டும் பயன்படுத்துகிறோம்.

விலக்குகள் தனியாக ஒரு யாமல் கோப்பில், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விதியின் அடையாளம், எந்த சர்வர் குழு, என்ன காரணம், அந்த ஓட்டையை வேறு எதனால் அடைத்திருக்கிறோம், யார் ஒப்புதல் கொடுத்தது, எந்தத் தேதியில் காலாவதி. ஸ்கேன் முழுச் சுயவிவரத்தோடு ஓடும். முடிவை ஒரு சிறு பைதான் நிரல் இந்தக் கோப்போடு ஒப்பிடும். தேறவில்லை, விலக்கும் இல்லை என்றால் எச்சரிக்கை. தேறவில்லை, விலக்கு உண்டு, ஆனால் தேதி முடிந்துவிட்டது என்றாலும் எச்சரிக்கை. விலக்கு இருக்கிறது, ஆனால் விதி தேறிவிட்டது என்றால், அந்த விலக்கை நீக்கச் சொல்லி ஒரு டிக்கெட் போடும். இந்தக் கடைசி வகைதான் கோப்பைக் குப்பையாகாமல் காக்கிறது.

தணிக்கையாளர் வந்தபோது முதலில் கேட்டதும் நீண்ட நேரம் பார்த்ததும் இந்தக் கோப்பைத்தான். யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பது கிட் வரலாற்றிலேயே இருந்ததால் தனியாக ஆவணம் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஓடும் முறை

ரோல் ஒவ்வொரு இரவும் செக் முறையில், வித்தியாசத்தைக் காட்டும் சுவிட்சோடு ஓடுகிறது, எதையும் மாற்றாது. ஷெல் டாஸ்க்குகளை செக் முறை தாண்டிவிடும் என்பதால், முடிந்தவரை ஆன்சிபிளின் ஆயத்த மாடியூல்களாலேயே எழுதியிருக்கிறோம். உண்மையில் மாற்றும் ஓட்டம் வாரம் ஒரு முறை, பகலில், ஆட்கள் இருக்கும்போது. முதலில் சோதனைச் சூழல், பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒரு சர்வர், பிறகு கால்வாசி கால்வாசியாக. ஒன்று தோற்றாலும் அடுத்த தொகுதி தொடங்காது. வித்தியாசம் தெரிந்தால் உடனே அடித்து எழுதாமல், யார் எதற்கு மாற்றினார்கள் என்று முதலில் கேட்கிறோம். பாதி நேரம் அதற்கு நியாயமான காரணம் இருக்கும், அது ரோலுக்குள் வர வேண்டிய மாற்றமாகவே இருக்கும்.

ஐடு என்ற கோப்புக் கண்காணிப்புக் கருவியின் தரவுத்தளத்தை, பேட்ச் முடிந்து ஸ்கேனும் தேறிய பிறகு அதே பிளேபுக் புதுப்பிக்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு பேட்ச் மாதமும் ஆயிரக்கணக்கான வரி அறிக்கை வந்து, அதைப் படிப்பதையே எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

ஆன்சிபிளால் முடியாதது வட்டுப் பகிர்வுகள். வார், வார் லாக், ஆடிட் பதிவு, ஹோம் எல்லாம் தனித்தனிப் பகிர்வாக இருக்க வேண்டும் என்பதை ஓடும் சர்வரில் பாதுகாப்பாகச் செய்வது கடினம். புதிய சர்வர்களுக்கு, தானாக நிறுவ உதவும் கிக்ஸ்டார்ட் கோப்பிலேயே அந்தப் பிரிவினை இருக்கிறது. படிமம் கட்டி முடித்ததும் ஸ்கேன் ஓடி, தேறினால்தான் அது பயன்பாட்டுக்கு வரும். பழைய சர்வர்களில் இன்னும் சில ஒற்றைப் பகிர்வோடு நிற்கின்றன. அவற்றின் விலக்குகளுக்கு வரும் மார்ச் 31 வரை தேதி போட்டிருக்கிறோம். அதற்குள் அவற்றைப் புதிய படிமத்திலிருந்து கட்டி, தரவை நகர்த்தி, பழையதை அணைக்க வேண்டும். தரவுத்தள சர்வர்கள் இரண்டும் கடைசியில்.